டார்ச்சு பிடித்தவள்

டார்ச்சு என்பது அவளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஏழு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை, ஞாயிற்றுக்கிழமைதோறும் கார் ஷெட்டில் அப்பாவுக்கு டார்ச் லைட் பிடித்ததால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அப்பா நில அளவையர். வாரத்தில் ஆறு நாள் ஊரார் நிலத்தை அளப்பார், ஏழாவது நாள் தன் காரைப் பிரித்துப் போடுவார். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"வெளிச்சத்தை எங்க காட்டுற? எஞ்சின் என்ன என் மூஞ்சியிலயா இருக்கு? இங்க காட்டு! இங்கன்னா இங்க!"

அந்த 'இங்க' எங்கே என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். கை வலிக்கும், கொசு கடிக்கும், மூக்கு நுனி அரிக்கும். அசைந்தால் போச்சு, அடுத்த அர்ச்சனை ஆரம்பமாகிவிடும். எல்லாம் முடிந்து அப்பா கழிவுத் துணியில் கை துடைக்கும்போது, "சரியா பிடிச்சேனாப்பா?" என்று கேட்பாள். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, "சரியாத்தான் பிடிச்சே" என்று அந்த மனிதர் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே! மாட்டார். "இன்னும் பழகணும்" என்பார்.

ஆனால் அப்பா ஒன்றை யோசிக்கவில்லை. டார்ச் பிடிக்கிறவள் வெளிச்சம் விழுகிற இடத்தைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? அப்பாவுக்காவது அவர் தலையே அவ்வப்போது மறைக்கும், அவளுக்கு எதுவும் மறைக்கவில்லை. கழற்றிய திருகுகளை முட்டை அட்டையில் வரிசையாக வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது என்பது அவளுக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டார் மக்கர் பண்ணினால் சுத்தியலின் மரப்பிடியால் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினால் போதும் என்பதும், ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையால் எஞ்சினைத் தடவிக்கொண்டே போனால் 'டிக் டிக்' எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதும் அத்துப்படி. இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. எப்பேர்ப்பட்ட குண்டுக் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவாள் என்று அங்கே பேர்.

அம்மா போன பிறகு அப்பாவால் அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டி மேய்க்க முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டு மூன்றாம் மாடியில் ஒரு பிளாட் பார்த்துவிட்டார். அங்கே சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடையாது. அப்புறம் காரை என்ன செய்வது? எட்டு மாதமாக ஷெட்டில் தூசி போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஒரு நாள் இரண்டு மாப்பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மூத்தவர் தையல்காரர், டார்ச்சுவின் கணவர். இளையவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர், தங்கையின் கணவர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் வீட்டில் அவருக்கு விசில் என்றே பெயர்.

"மாப்பிள்ளைங்களா, ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு வந்துடுங்க. ஆளுக்கு ஒரு மணி நேரம். யார் ஸ்டார்ட் பண்றீங்களோ வண்டி அவருக்கு. மெக்கானிக்கைக் கூப்பிடக் கூடாது, நீங்களேதான் பார்க்கணும். மாப்பிள்ளைங்க வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் கூடாது. பதினொரு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வருவார். பன்னெண்டுக்குள்ள கிளம்பலேன்னா கயித்தைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போயிடுவார். சொல்லி வெச்சாச்சு."

டார்ச்சு அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வண்டியை எனக்குக் குடுங்களேன்" என்றாள்.

அப்பா சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அப்படி. "உனக்கு எதுக்கும்மா? மாப்பிள்ளைக்குக் குடுத்தா உனக்குக் குடுத்த மாதிரிதானே."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அந்தக் காரின் ஒவ்வொரு நட்டும் அவள் கண் முன்னால் கழன்று, அவள் கண் முன்னால் மாட்டப்பட்டது. அவளுக்கு அந்தக் கார் வேண்டும். ஊரில் எத்தனையோ புதுக் கார் ஓடுகிறது, அதெல்லாம் வேண்டாம். இதுதான் வேண்டும். சரி, மாப்பிள்ளைகளுக்கா? தலைகீழாக நின்றாலும் கிளம்பாது, பார்த்துவிடுகிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே ஒரு தம்ளரைச் சுற்றினாள். அதற்கு மூன்று தாள் போயிற்று.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், மூட்டை கட்ட உதவுகிறேன் பேர்வழி என்று அப்பா வீட்டுக்கு வந்தாள். அப்பா உள்ளே பீரோவைக் காலி செய்துகொண்டிருக்க, இவள் நைசாக ஷெட்டுக்குள் நுழைந்து பானெட்டைத் தூக்கினாள். எஞ்சின் பக்கவாட்டில் நாலைந்து தடித்த வயர்களோடு டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று நிற்கும். அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு துண்டு. ரோட்டர் என்பார்கள். அது சுற்றிச் சுற்றி நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கு வைக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் கதறுமே ஒழியக் கிளம்பாது. டார்ச்சு அதை உருவினாள், மூடியை மாட்டினாள், பானெட்டைச் சாத்தினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

எங்கே ஒளிப்பது? வீட்டுக்குக் கொண்டுபோனால் கணவர் பட்டனோ என்று எடுத்துப் பார்ப்பார். கைப்பையில் வைத்தால் தங்கை துழாவுவாள். ஷெட் அலமாரியில் அப்பாவின் பிஸ்கட் டப்பா இருந்தது. முப்பது வருஷத்து மிச்சம் மீதி நட்டு, போல்ட்டு, வாஷர், ஸ்பிரிங் எல்லாம் அதற்குள்தான் கிடக்கும். அந்த டப்பாவுக்குள் போன எதையும் அந்தக் குடும்பத்தில் யாரும் திரும்பக் கண்டதாகச் சரித்திரமே இல்லை. இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் உண்டா? உள்ளே போட்டு இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கிளம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அப்பா வாசல் கேட்டருகே நாற்காலி போட்டு, ஷெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பார்த்தால் வாய் சும்மா இருக்காது, யோசனை சொல்லிவிடுவேன், அது தப்பாட்டம் என்றார். அப்படி ஒரு நியாயஸ்தர்!

முதலில் தையல்காரர். கத்தரிக்கோல் பிடிக்கிற கை, பதறாது. எந்த வயர் எங்கே போகிறது என்று தையல் சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டார். பாட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொருக்கைச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிக் கழுவினார். அது பொங்கி நுரைத்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். கீழே விழுந்த நட்டை, குண்டூசி பொறுக்குகிற காந்தத்தை நூலில் கட்டித் தூண்டில் போட்டு எடுத்தார். பழைய காருக்கு இதெல்லாம் நல்ல வைத்தியம்தான். சாவியைத் திருப்பினார். கர்ர்... கர்ர்... கர்ர்... அவ்வளவுதான்.

"ஏம்மா, இன்னும் கால் மணி நேரம் இருக்குல்ல?" என்று நெற்றியைத் துடைத்தார்.

"ஏங்க இப்படி உயிரை விடுறீங்க? கார்ல உக்காந்தாலே உங்களுக்குக் குமட்டுமே!"

"எனக்கா கேட்டேன்? உனக்குத்தான். அன்னைக்கு மாமாகிட்ட நீ கேட்டப்போ உன் முகத்தைப் பார்த்தேனே."

ஐயோ, இந்த மனுஷனைப் போய் ஏமாற்றுகிறோமே என்றிருந்தது டார்ச்சுவுக்கு. ஓடிப்போய் டப்பாவை எடுத்து வந்துவிடலாமா? கால்கூட ஒரு அடி நகர்ந்தது. ஆனால் அப்படிக் கிளம்பினால் அது மாப்பிள்ளைக்குக் கொடுத்த வண்டி. இவளுக்குக் கொடுத்த 'மாதிரி'தான். அந்த மாதிரி வேண்டாம். காலை இழுத்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு விசில் ஒரு ஊது ஊதித் தன் ஆட்டத்தைத் தொடங்கினார். கைபேசியில் வீடியோ பார்த்தே மெக்கானிக் ஆனவர். பற்பசையைப் பிதுக்கி ஹெட்லைட்டைத் தேய்த்தார். லைட் பளபளவென்று ஆனது வாஸ்தவம், ஆனால் வண்டி கிளம்ப ஹெட்லைட் எதற்கு? டார்ச்சு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்புறம் மனிதர் திடீரென்று புத்திசாலித்தனமாக ஒன்று செய்தார். பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் வைத்துவிட்டு, சகலையைச் சாவி திருப்பச் சொன்னார்.

"ஸ்பார்க் வரல சகலை! கரண்ட் எங்கயோ நிக்குது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்தா தெரிஞ்சிடும்!"

விசில் மூடியைக் கழற்றினார். குனிந்தார். உள்ளே உற்று உற்றுப் பார்த்தார். டார்ச்சு மூச்சையே விடவில்லை.

"உள்ள ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு" என்று சொல்லித் திரும்ப மூடிவிட்டார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இருக்க வேண்டியது இல்லாததைத்தான் சுத்தம் என்கிறார் பாவி மனிதர்! மிச்ச நேரம் முழுக்க விசில் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கர்ர் என்றது கிர்ர் ஆகி, கிர்ர் என்றது டிக் ஆகி, பாட்டரி படுத்தேவிட்டது.

சரியாகப் பதினொன்றுக்கு லாரி வந்து நின்றது. இரும்புக்காரர் கயிற்றுச் சுருளோடு இறங்கி, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அப்பா எழுந்து, "சரி, நம்ம குடுப்பினை அவ்வளவுதான்" என்றார்.

இதற்காகத்தானே டார்ச்சு காத்திருந்தாள்! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இருங்கப்பா, நான் ஒரு தடவை பார்க்கிறேன்" என்று கம்பீரமாக ஷெட் அலமாரிக்குப் போனாள். தூசிக்கு நடுவே வட்டமாக ஒரு சுத்தமான இடம் இருந்தது. டப்பா இல்லை.

"அப்பா, இங்க இருந்த பிஸ்கட் டப்பா?"

"அந்தக் குப்பையா? நேத்தே இவர் இங்க வெச்சுட்டுப் போன சாக்குல போட்டுட்டேன். முப்பது வருஷமா நீயும் உங்கம்மாவும் தூக்கிப் போடச் சொன்னதுதானே."

முப்பது வருஷம் போடாத மனிதர், போட்ட நாளைப் பாருங்கள்! டார்ச்சுவின் கம்பீரமெல்லாம் காற்றுப் போன டியூப் மாதிரி தொங்கிவிட்டது. பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்தாளே, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் அவளுடைய கார் இரும்பு எடைக்குப் போகப் போகிறது, அதுவும் அவளுடைய கைங்கரியத்தால். விடுவிடுவென்று இரும்புக்காரரிடம் போனாள்.

"அந்தச் சாக்கைக் கொஞ்சம் கொட்டுங்க."

"சாக்குக்குள்ள போனது என் பொருள்ம்மா. கொட்டினா யாரு திரும்ப அள்றது?"

டார்ச்சு அவரை உற்றுப் பார்த்தாள். மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருகிற ஆசாமி. ஊசியைக் கண்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நர்சின் கையைப் பிடித்துக்கொள்கிற வீராதி வீரர்.

"அண்ணே, அடுத்த வாரம் ரத்தம் குடுக்க வருவீங்கள்ல? எனக்குக் கவலை வந்தா கை ஒரு மாதிரி நடுங்கும். ஒரு குத்துல நரம்பு கிடைக்காது. நாலஞ்சு ஆகும்."

சாக்கு தலைகீழாகக் கவிழ்ந்தது.

தகரம், கம்பி, உடைந்த குழாய், கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் நடுவே அவள் முழங்காலிட்டுத் துழாவினாள். டப்பா நசுங்கித் திறந்து கிடந்தது. கடைசியில் ஒரு கீலுக்கு அடியில் ரோட்டர் கிடைத்தது. அதன் பித்தளை முனை கறுத்திருந்தது, உடம்பில் முடி போல ஒரு விரிசல்.

"அது எப்படி அதுக்குள்ள போச்சு?" தலைக்கு மேலே அப்பாவின் குரல். அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. "யார் கழட்டினது?"

"நான்தான்."

விசில் தன் விசிலையே கடித்துக்கொண்டார்.

"காலைலேர்ந்து எல்லாரையும் முட்டாளாக்கினியா? எதுக்கு?"

"நான் கேட்டேன், நீங்க சிரிச்சீங்க." எழுந்து நின்று சொன்னாள். "இருபது வருஷம் உங்க பக்கத்துல நின்னேன்ப்பா. இவங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வெச்சீங்க. என்னைப் பாத்திரம் சுத்த வெச்சீங்க. இந்த வண்டியைப் பத்தி எனக்குத் தெரியுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? எனக்கு இப்ப அழுகையா வருது, ஆனா நேரமில்ல. மணி என்ன?"

"பதினொன்னு நாப்பது" என்றார் தையல்காரர்.

"அடியே சின்னவளே! உன் பையை எடுத்துட்டு வா!"

விசிலோடு வந்திருந்த தங்கை அழகு நிலையம் வைத்திருப்பவள். அவள் பையில் நகம் தேய்க்கிற அரம் இருந்தது, நகப்பூச்சும் இருந்தது. அரத்தால் பித்தளை முனையைப் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்தாள் டார்ச்சு. விரிசலின்மேல் நகப்பூச்சைத் தடவினாள். மின்சாரம் விரிசல் வழியாகக் கசியாமல் இருக்க அவசரத்துக்கு அதுதான் மருந்து.

"அக்கா, ரோஜாக் கலர்தான் இருக்கு" என்றாள் தங்கை.

"கல்யாணத்துக்கா போகுது? ஊது, சீக்கிரம் காயட்டும்."

அக்காவும் தங்கையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஊதினார்கள். விசில் தன் பங்குக்குத் தினசரி ஒன்றை எடுத்து விசிறினார். பூச்சு காய்ந்ததும் டார்ச்சு பானெட்டுக்குள் தலையை விட்டாள். ஷெட்டுக்குள் இருட்டு. ரோட்டர் உட்காருகிற அச்சு கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் தடவிக்கொண்டே, "யாராவது வெளிச்சம் காட்டுங்களேன்!" என்று கத்தினாள்.

வெளிச்சம் வந்தது. வந்து அவள் காதின்மேல் விழுந்தது. பிறகு ரேடியேட்டரின்மேல் விழுந்தது. பிறகு நேராகக் கண்ணில் அடித்தது.

"வெளிச்சத்தை எங்க காட்டுறீங்க? எஞ்சின் என்ன என் மூஞ்சியிலயா இருக்கு? இங்க காட்டுங்க! இங்கன்னா இங்க!"

சொல்லிவிட்டுத் திரும்பினாள். அப்பா. பழைய தகர டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா ஒரு அடி முன்னால் வந்து, முழங்கையைக் காரின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, வெளிச்சத்தை அச்சின்மேல் நிறுத்தினார்.

"இங்கயா?"

"ஆமா. ஆடாதீங்க."

ரோட்டர் க்ளக்கென்று உட்கார்ந்தது. மூடியை மாட்டினாள். கைப்பையிலிருந்து புது சிரிஞ்சு ஒன்றைப் பிரித்து, கேனிலிருந்து பெட்ரோல் உறிஞ்சி, எட்டு மாதமாகக் காய்ந்து கிடந்த கார்புரேட்டரின் தொண்டைக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள். இரும்புக்காரர் அந்தச் சிரிஞ்சைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எல்லாம் சரிம்மா" என்றார் அப்பா மெதுவாக. "பாட்டரிதான் செத்துப் போச்சே. சாவியைத் திருப்பினா ஒண்ணும் ஆகாது."

"தள்ளுவோம்."

"தள்ளக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

"மாப்பிள்ளைங்க தள்ளி ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சொன்னீங்க." டார்ச்சு பானெட்டைப் படாரென்று சாத்தினாள். "நான் மாப்பிள்ளையா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை, மாட்டிக்கொண்டவன் சிரிக்கிற சிரிப்பு. விசிலுக்கோ காலையிலிருந்து தேடிய வேலை கிடைத்துவிட்டது. "எல்லாரும் பின்னாடி வாங்க! ஒண்ணு, ரெண்டு!" என்று ஊதித் தள்ளினார். தையல்காரர் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம், இழுத்துக்கொண்டுபோக வந்த இரும்புக்காரரும் நடுவில் நின்று தோளைக் கொடுத்தார். கார் ஷெட்டை விட்டு வெளியே வந்து, கேட்டைத் தாண்டி, சரிவான தெருவில் இறங்கியது. டார்ச்சு சாவியைத் திருப்பி, கியரை இரண்டில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு காத்திருந்தாள். பதறிக் காலை எடுக்காதே, வேகம் பிடிக்கட்டும், அப்பா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே, ஸ்டீயரிங் பிடித்த அம்மாவைத் திட்டித் திட்டிச் சொல்வாரே. இப்போது! காலை எடுத்தாள். கார் ஒரு குதி குதித்தது, இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது. பிறகு தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

பின்னால் இரண்டு மாப்பிள்ளைகளும் கட்டிப்பிடித்துக் குதிப்பது கண்ணாடியில் தெரிந்தது. இரும்புக்காரர் முகமெல்லாம் கரி. டார்ச்சு தெருமுனையில் திருப்பி வந்து, எஞ்சினை அணைக்காமல் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். கன்னம் நனைந்திருந்தது. நேரம் இருந்தது, அழுதுகொண்டாள்.

அப்பா வந்தார். பழக்கதோஷத்தில் ஓட்டுநர் பக்கக் கதவில் கை வைத்தார். உள்ளே மகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். காரை முன்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவந்து, மறுபக்கக் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். டார்ச் இன்னும் கையிலேயே இருந்தது, பட்டப்பகலில் எரிந்துகொண்டும் இருந்தது. அவர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, சின்னக் குரலில் கேட்டார்.

"வெளிச்சம் சரியா பிடிச்சேனாம்மா?"

டார்ச்சு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் கியரைப் போட்டாள்.

"இன்னும் பழகணும்ப்பா. ஞாயித்துக்கிழமை வந்துடுங்க."